விமானத்தில் ஏறும் முன் லக்கேஜ் விதிகளை எப்படிப் படிப்பது?

கேள்வி கேட்டவர் முதல் முறையாக இரண்டு விமானம் மாறி வெளிநாடு போகிறார். முதல் நிறுவனத்தின் இணையதளம் 30 கிலோ என்கிறது. இரண்டாவது நிறுவனத்தின் தளம் 23 கிலோவில் இரண்டு பெட்டி என்கிறது. டிக்கெட்டில் ஏதோ சுருக்கெழுத்து இருக்கிறது. கையில் கொண்டுபோகும் பை 7 கிலோவா 10 கிலோவா என்பது தெரியவில்லை, பவர் பேங்க்கை எதில் வைப்பது என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். இதில் எதை நம்புவது என்று கேட்கிறார்.

நேரடியான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் இ-டிக்கெட்டில் ஒவ்வொரு விமானத்துக்கும் எதிரே லக்கேஜ் என்று என்ன அச்சாகியிருக்கிறதோ அதுதான் உங்களுக்கான விதி. நிறுவனத்தின் தளத்தில் இருக்கும் பக்கம் எல்லாப் பயணிகளுக்கும் பொதுவாக எழுதியது. ஒரே விமானத்தில் அடுத்தடுத்து உட்காரும் இருவரில் ஒருவருக்கு இரண்டு பெட்டி அனுமதி இருக்கும், பக்கத்தில் இருப்பவருக்கு ஒன்றுகூட இருக்காது, ஏனென்றால் இருவரும் எடுத்த டிக்கெட் வகை வேறு. அதனால் 'அந்த ஏர்லைன்ஸில் எத்தனை கிலோ?' என்று நண்பரிடம் கேட்டால் அவர் தன்னுடைய டிக்கெட்டைப் பற்றித்தான் சொல்வார். அது உங்களுக்கு உதவாது.

இன்னொன்றையும் பிரித்துப் பார்த்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். லக்கேஜ் விதிகள் என்று மொத்தமாகச் சொல்கிறோமே, அவை நான்கு வெவ்வேறு இடங்களிலிருந்து வருகின்றன. எத்தனை பெட்டி, எத்தனை கிலோ என்பது விமான நிறுவனத்தின் வியாபார விதி. கூடுதல் பணம் கட்டினால் அது மாறும். பேட்டரி, எரியக்கூடிய பொருள், அழுத்தத்தில் அடைத்த வாயு போன்றவை பாதுகாப்பு விதி. ஐ.நா.வின் கீழ் இயங்கும் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் தொழில்நுட்ப விதிகள்தான் இதற்கு அடிப்படை, பணம் கட்டினாலும் இது வளையாது. திரவம், கத்தி, கத்தரிக்கோல் எல்லாம் விமான நிலையச் சோதனை விதி. நீங்கள் எந்த நாட்டிலிருந்து ஏறுகிறீர்களோ அந்த நாடு வைத்தது. நான்காவது, இறங்கும் நாட்டின் சுங்க விதி. கவுன்டரில் இருப்பவரிடம் 'ஏர்லைன்ஸ் தளத்தில் அனுமதி என்று போட்டிருக்கிறதே' என்று வாதாடுபவர்கள் பெரும்பாலும் ஒரு விதியின் பதிலை இன்னொரு விதியின் கேள்விக்குப் பொருத்திப் பார்ப்பவர்கள்தான். ஒரு பொருளைப் பற்றிச் சந்தேகம் வந்தால், இது யாருடைய விதி என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். எங்கே தேட வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

சரி, டிக்கெட்டுக்கு வருவோம். அதில் '30 கே' என்பதுபோல் ஒரு எண்ணும் எழுத்தும் இருந்தால் அது எடைக் கணக்கு. '1 பிசி', '2 பிசி' என்று இருந்தால் பெட்டிக் கணக்கு. '0 பிசி' என்றோ 'நில்' என்றோ இருந்தால் செக்-இன் லக்கேஜே, அதாவது கவுன்டரில் ஒப்படைத்து விமானத்தின் அடியில் போகும் பெட்டியே இல்லை என்று பொருள். உலகம் முழுக்க இந்த இரண்டு முறைகள்தான் புழக்கத்தில் இருக்கின்றன. நீங்கள் இரண்டு தளங்களில் பார்த்த வேறுபாடும் இதுதான்: ஒரு நிறுவனம் எடைக் கணக்கில் பேசுகிறது, மற்றது பெட்டிக் கணக்கில் பேசுகிறது.

இரண்டும் நடந்துகொள்ளும் விதம் வேறு. எடைக் கணக்கில் 30 கிலோ என்றால் மொத்தம் 30 கிலோ. ஒரு பெட்டியில் 18, இன்னொன்றில் 12 என்று பிரித்துக்கொள்ளலாம் (சில நிறுவனங்கள் பெட்டிகளின் எண்ணிக்கைக்கும் வரம்பு வைக்கின்றன, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்). பெட்டிக் கணக்கில் அப்படிச் செய்ய முடியாது. 23 கிலோவில் இரண்டு பெட்டி என்பதை மொத்தம் 46 கிலோ என்று கணக்குப் போட்டுக்கொண்டு, ஒன்றில் 27 கிலோவும் மற்றதில் 19 கிலோவும் அடைத்து வருவார்கள். 27 கிலோ பெட்டிக்கு அதிக எடைக் கட்டணம் விழும். இன்னொரு பெட்டி லேசாக இருக்கிறது என்பதை யாரும் கணக்கில் எடுக்க மாட்டார்கள். கவுன்டர் முன்னால் தரையில் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, பின்னால் வரிசை நீண்டுகொண்டிருக்க, துணிகளை இங்கிருந்து அங்கே மாற்றும் குடும்பங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கஷ்டப்படும். அதில் பெரும்பாலானவர்கள் இந்த ஒரு விஷயத்தைத்தான் தவறாகப் புரிந்துகொண்டிருப்பார்கள். யாராவது முன்கூட்டிச் சொல்லியிருந்தால் வீட்டிலேயே ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும் வேலை அது.

எந்தக் கணக்காக இருந்தாலும், ஒரு தனிப் பெட்டி 32 கிலோவைத் தாண்டினால் பெரும்பாலான நிறுவனங்கள் அதைச் சாதாரண லக்கேஜாக எடுத்துக்கொள்ளவே மாட்டார்கள். பணம் கட்டுகிறேன் என்றாலும் பிரித்து அடைக்கத்தான் சொல்வார்கள், அல்லது சரக்குப் பிரிவில் அனுப்பச் சொல்வார்கள். காரணம் எளிது: அந்தப் பெட்டியை விமானத்தின் வயிற்றுக்குள் குனிந்து, மண்டியிட்டு, கையால் தூக்கி அடுக்குகிற தொழிலாளியின் முதுகு. ஆகவே உங்களுக்கு 40 கிலோ அனுமதி இருந்தாலும் ஒரே பெரிய பெட்டியில் அடைக்காதீர்கள், இரண்டாகப் பிரியுங்கள்.

எடையைப் பார்ப்பவர்கள் அளவைப் பார்க்க மறந்துவிடுகிறார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 158 சென்டிமீட்டருக்குள், அதாவது 62 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும் என்பதுதான் பெட்டிக் கணக்கில் பரவலாக இருக்கும் வரம்பு. சக்கரம், கைப்பிடி எல்லாம் சேர்த்துத்தான் அளப்பார்கள். அதிக எடைக்கு ஒரு கட்டணம், அதிக அளவுக்கு ஒரு கட்டணம், கூடுதல் பெட்டிக்கு ஒரு கட்டணம் என்று மூன்றும் தனித்தனி. ஒரே பெட்டிக்கு இவற்றில் இரண்டு சேர்ந்து விழுவதும் உண்டு. கொஞ்சம்தான் கூடுகிறது என்றால் கனமான பெட்டிக்குப் பணம் கட்டுவதா, இன்னொரு பெட்டி சேர்ப்பதா என்று இரண்டு கட்டணத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். எது மலிவு என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்.

செக்-இன் லக்கேஜ் இல்லாத டிக்கெட் எப்போதிலிருந்து வந்தது என்று சிலர் கேட்கிறார்கள். விலை குறைந்த விமான நிறுவனங்கள் இதை முதலிலேயே ஆரம்பித்துவிட்டன. 2008ல் எரிபொருள் விலை தாறுமாறாக ஏறியபோது அமெரிக்கன் ஏர்லைன்ஸ் முதல் பெட்டிக்கே கட்டணம் என்று அறிவித்தது, மற்ற பெரிய நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. அதன் பிறகு ஒரே இருக்கையை லைட், பேசிக், சேவர், வேல்யூ, ஃப்ளெக்ஸ் என்று பல பெயர்களில் விற்பது வழக்கமாகிவிட்டது. டிக்கெட் விலையை ஒப்பிடும் தளங்கள் முதலில் காட்டுவது பெரும்பாலும் மிக மலிவான வகையைத்தான். பெட்டி தேவை என்றால் லக்கேஜ் கட்டணத்தையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்துவிட்டு எது மலிவு என்று முடிவு செய்யுங்கள். பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், விமான நிலையத்தில் கேட்கும் தொகை ஆன்லைனில் முன்கூட்டிக் கட்டுவதைவிடப் பெரும்பாலும் அதிகமாகவே இருக்கும். வாசலில், அதாவது போர்டிங் கேட்டில் பிடித்தால் இன்னும் அதிகம்.

இப்போது உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். இரண்டு நிறுவனங்கள், இரண்டு விதிகள், ஒரே பயணம். இங்கே எல்லாமே ஒரு விஷயத்தைப் பொறுத்தது: இரண்டு விமானமும் ஒரே டிக்கெட்டில் இருக்கிறதா, தனித்தனி டிக்கெட்டா?

ஒரே டிக்கெட் என்றால் கவலையே வேண்டாம். நீங்கள் பெட்டியை ஒப்படைக்கும் இடத்திலிருந்து திரும்ப எடுக்கும் இடம்வரை ஒரே விதிதான் செல்லும். யாருடைய விதி என்பதை முடிவு செய்ய, பன்னாட்டு விமான நிறுவனங்களின் சங்கமான ஐயாட்டா 2011 ஏப்ரல் முதல் ஒரு முறை வைத்திருக்கிறது. உலகத்தை மூன்று பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள்: அமெரிக்கக் கண்டங்கள் ஒன்று, ஐரோப்பா, ஆப்பிரிக்கா, மத்தியக் கிழக்கு ஒன்று, ஆசியாவும் பசிபிக்கும் ஒன்று. உங்கள் பயணம் ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்குத் தாண்டினால், முதலில் அப்படித் தாண்டும் விமானத்தை ஓட்டுகிற நிறுவனத்தின் விதி பொதுவாகப் பயணம் முழுவதற்கும் பொருந்தும். அமெரிக்காவுக்குப் போகும் அல்லது அங்கிருந்து கிளம்பும் டிக்கெட்டுக்கு அந்த நாட்டு அரசின் தனி விதி உண்டு. முதல் விமானத்தை விற்கும் நிறுவனத்தின் விதியையே கடைசிவரை வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். இதையெல்லாம் நீங்கள் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டியதில்லை, கணினி போட்டு டிக்கெட்டில் அச்சடித்துவிடும். அச்சடித்த எண் ஏன் இரண்டு தளங்களில் ஒன்றோடு பொருந்தவில்லை என்று நீங்கள் பதறாமல் இருக்கத்தான் சொல்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. வழியில் ஓர் ஊரில் இரண்டு மூன்று நாள் தங்கி, பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டுப் பிறகு அடுத்த விமானம் ஏறுகிறீர்கள் என்றால், அங்கிருந்து புதுக் கணக்கு ஆரம்பிக்கலாம். டிக்கெட்டில் அந்த வரிக்கு எதிரே என்ன போட்டிருக்கிறது என்று தனியாகப் பாருங்கள். அதேபோல், டிக்கெட்டை விற்ற நிறுவனமும் விமானத்தை ஓட்டும் நிறுவனமும் வேறாக இருப்பது உண்டு. கோட்ஷேர் என்பார்கள். 'இயக்குவது இன்ன நிறுவனம்' என்று சிறிய எழுத்தில் இருக்கும். செக்-இன் பெட்டிக்கு டிக்கெட்டில் இருப்பது செல்லும். ஆனால் கேபின் பைக்கு, அதாவது கையோடு விமானத்துக்குள் கொண்டுபோகும் பைக்குப் பெரும்பாலும் அந்தந்த விமானத்தை ஓட்டுபவரின் விதிதான். ஒரு விமானத்தில் 10 கிலோ, அடுத்ததில் 7 கிலோ என்றால் 7 கிலோவுக்கு அடைப்பதுதான் புத்திசாலித்தனம்.

தனித்தனி டிக்கெட் என்றால் கதையே வேறு. இரண்டு நிறுவனத்துக்கும் நீங்கள் ஒரே பயணி இல்லை, இரண்டு தனிப் பயணி. பெரும்பாலும் இடையில் பெட்டியை எடுக்க வேண்டும், அதற்காகக் குடியேற்றச் சோதனையைக் கடந்து அந்த நாட்டுக்குள் நுழைய வேண்டும், விசா தேவைப்பட்டால் வாங்கியிருக்க வேண்டும், மறுபடி கவுன்டரில் வரிசையில் நின்று இரண்டாவது நிறுவனத்தின் விதிப்படி பெட்டியை ஒப்படைக்க வேண்டும். முதல் டிக்கெட்டில் இருக்கும் 30 கிலோவை இரண்டாவது நிறுவனம் மதிக்காது. அவர்கள் 20 கிலோ என்றால் 20 கிலோதான். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டாலும் உங்கள் பாடு. மலிவாகக் கிடைக்கிறது என்று இப்படி எடுப்பவர்கள், பெட்டி இல்லாமல் கைப்பையோடு மட்டும் போகிறவர்களாக இருந்தால் நல்லது என்பது என் கருத்து. பெரியவர்களையும் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு, நான்கு பெட்டியோடு போகும் குடும்பத்துக்கு இதை நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன்.

ஒரே டிக்கெட்டாக இருந்தாலும் அமெரிக்காவில் முதலில் இறங்கும் விமான நிலையத்தில் பொதுவாகப் பெட்டியை எடுத்து, சுங்கத்தைக் கடந்து, மறுபடி ஒப்படைக்க வேண்டியிருக்கும். எங்கே பெட்டி வரும் என்பதை உறுதி செய்ய ஒரு எளிய வழி உண்டு. கவுன்டரில் பெட்டியில் ஒட்டும் டேக்கில் பெரிய எழுத்தில் மூன்றெழுத்து விமான நிலையக் குறியீடு இருக்கும். அது நீங்கள் கடைசியாகப் போகும் ஊரின் குறியீடா என்று நகராமல் அங்கேயே பாருங்கள். வேறாக இருந்தால் உடனே கேளுங்கள். அந்தப் பெட்டி கன்வேயரில் உள்ளே போன பிறகு திருத்துவது சிரமம். டேக்கின் கிழித்துத் தரும் துண்டில் பத்து இலக்க எண் இருக்கும். பெட்டியின் அடையாளமே அதுதான், ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேபின் பைக்கு உலகத்துக்கே பொதுவான சட்டம் எதுவும் கிடையாது. ஐயாட்டா வழிகாட்டுதலாகச் சொல்வது சக்கரம், கைப்பிடி, பக்கப் பை எல்லாம் சேர்த்து 56 × 45 × 25 சென்டிமீட்டர். ஆனால் பல நிறுவனங்கள் 55 × 40 × 20 அல்லது 23 என்று இன்னும் சுருக்கி வைத்திருக்கின்றன. எடையில் 7 கிலோ என்பது அடிக்கடி பார்க்கும் எண். 8, 10, 12 என்றும் உண்டு, எடையே பார்க்காமல் அளவை மட்டும் பார்க்கும் நிறுவனங்களும் உண்டு. மலிவான சில டிக்கெட்டுகளில் இருக்கைக்கு அடியில் வைக்கும் சிறு பை மட்டும்தான் இலவசம், மேலே வைக்கும் பைக்குத் தனிக் கட்டணம். லேப்டாப் பை அந்த 7 கிலோவுக்குள் வருமா, தனியா என்பதும் மாறுகிறது. நிறுவனத்தின் பக்கத்தில் 'தனிப்பட்ட பொருள்' என்ற வரியைத் தேடிப் படியுங்கள்.

பலர் கவனிக்காத ஒன்று, பையின் சொந்த எடை. கெட்டியான, சக்கரம் வைத்த கேபின் பெட்டிகளில் பல காலியாகவே மூன்று கிலோவைத் தொடும். 7 கிலோ அனுமதியில் அது கிட்டத்தட்டப் பாதி. எடை கண்டிப்பாகப் பார்க்கும் நிறுவனத்தில் போகிறீர்கள் என்றால் ஒரு நல்ல துணிப்பையோ முதுகுப்பையோ உங்களுக்கு இரண்டு கிலோவைச் சம்பாதித்துத் தரும்.

அப்புறம், விமானம் நிரம்பிவிட்டால் மேலே இடம் போதாமல் கேட்டிலேயே கேபின் பையை வாங்கி அடியில் போட்டுவிடுவார்கள். அப்போது அது செக்-இன் பெட்டியாகிவிடுகிறது. உள்ளே பவர் பேங்க் இருந்தால் கட்டாயம் எடுத்துவிட வேண்டும். மருந்து, பாஸ்போர்ட், நகை, சாவி, லேப்டாப் எல்லாவற்றையும் எடுத்துக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். அவசரத்தில் கேட்டில் நின்று தேடாமல் இருக்க, இவற்றை முதலிலேயே ஒரு சிறு பையில் போட்டுக் கேபின் பைக்குள் மேலாக வைத்துவிடுங்கள். அழைத்ததும் அந்தச் சிறு பையை மட்டும் உருவிக்கொண்டு போகலாம்.

பவர் பேங்க் பற்றி ஆளுக்கொன்று சொல்கிறார்கள் என்றீர்கள். இதில் நான் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இது கட்டண விஷயம் இல்லை, உயிர் விஷயம். பவர் பேங்க்கும் கருவிக்கு வெளியே தனியாக இருக்கும் லித்தியம் பேட்டரியும் கேபினில்தான் போக வேண்டும், செக்-இன் பெட்டியில் வைக்கவே கூடாது. லித்தியம் பேட்டரி பழுதாகிச் சூடேற ஆரம்பித்தால் அந்தச் சூடே அடுத்த செல்லையும் பற்ற வைக்கும். சரக்கு அறையில் இருக்கும் தீயணைப்பு வாயு சுடரை அடக்கும், ஆனால் பேட்டரிக்குள் நடக்கும் அந்தச் சங்கிலி வினையை நிறுத்தாது. கேபினில் நடந்தால் புகை கண்ணில் படும், பணியாளர்கள் தண்ணீர் ஊற்றிக் குளிர வைக்க முடியும். ஆள் பார்வையில் இருக்க வேண்டும் என்பதுதான் விதியின் அடிப்படை.

2025 ஜனவரி 28 அன்று தென் கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் புறப்படத் தயாராக நின்ற ஏர் பூசான் விமானத்தில், தலைக்கு மேல் பை வைக்கும் இடத்தில் தீப்பிடித்தது. பவர் பேங்க்கில் தொடங்கியிருக்கக்கூடும் என்பதுதான் விசாரணையின் கணிப்பு. அதற்குப் பிறகு விதிகள் வேகமாக இறுகின. கொரியா 2025 மார்ச் முதல் பவர் பேங்க்கை மேலே வைக்கக் கூடாது, கைக்கெட்டும் இடத்தில் வைக்க வேண்டும் என்றது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் ஏப்ரல் முதல் பயணத்தின்போது பவர் பேங்க்கால் சார்ஜ் செய்வதைத் தடுத்தது. சீனா ஜூன் 28 முதல் அந்நாட்டின் 3சி தரச் சான்று முத்திரை இல்லாத பவர் பேங்க்கை உள்நாட்டு விமானங்களில் தடை செய்தது. எமிரேட்ஸ் அக்டோபர் முதல் ஒருவருக்கு ஒன்றுதான், அதையும் விமானத்தில் பயன்படுத்தக் கூடாது என்று வைத்தது. சென்ற வருடம் கொண்டுபோனேன், ஒன்றும் சொல்லவில்லை என்ற அனுபவத்தை இதில் நம்ப வேண்டாம். கிளம்பும் வாரத்தில் உங்கள் இரண்டு நிறுவனங்களின் பேட்டரிப் பக்கத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

எவ்வளவு பெரிய பவர் பேங்க் என்பதற்கு வாட்-அவர் என்ற அளவுதான் கணக்கு. 100 வாட்-அவர் வரை சாதாரணமாக அனுமதி. 100க்கு மேல் 160 வரை நிறுவனத்தின் முன் அனுமதியோடு அதிகபட்சம் இரண்டு. 160க்கு மேல் பயணியின் லக்கேஜில் கிடையாது. பவர் பேங்க்கில் பெரும்பாலும் மில்லி ஆம்பியர்-அவர்தான் பெரிதாக எழுதியிருக்கும். அதை 3.7ஆல் பெருக்கி 1000ஆல் வகுத்தால் வாட்-அவர் வரும். 10,000 என்றால் 37. 20,000 என்றால் 74. 27,000 என்றால் 99.9, விளிம்பில் நிற்கிறது. 30,000 என்றால் 111, முன் அனுமதி வேண்டும். சிலர் 5 வோல்ட்டால் பெருக்கிவிட்டுப் பயப்படுகிறார்கள். அது யு.எஸ்.பி. வெளியீட்டின் வோல்டேஜ், உள்ளே இருக்கும் செல்லுக்குப் பொதுவாக 3.7தான். எழுத்து அழிந்துபோன, பெயரில்லாத பவர் பேங்க்கைச் சோதனையில் பறிமுதல் செய்யலாம், ஏனென்றால் அளவை அவர்களால் சரிபார்க்க முடியாது. உப்பிப்போனதை எங்கேயும் எடுத்துப் போகாதீர்கள், தயவுசெய்து.

இ-சிகரெட்டும் கேபினில்தான். பேட்டரி பொருத்திய ஸ்மார்ட் சூட்கேஸ் வாங்கியிருந்தால் அந்தப் பேட்டரி கழற்ற வருகிறதா என்று பாருங்கள். கழற்ற முடியாத பவர் பேங்க் உள்ள பெட்டியைச் செக்-இன்னில் எடுக்க மாட்டார்கள். பெட்டிக்குள் போடும் சிறிய இருப்பிடம் காட்டும் கருவிகளில் நாணயம் போன்ற சின்ன பேட்டரிதான், அது பொதுவாகப் பிரச்சினை இல்லை, போடுவது நல்லதும்கூட.

திரவ விதியின் கதை பலருக்குத் தெரியும். 2006 ஆகஸ்டில் அட்லான்டிக்கைக் கடக்கும் விமானங்களைத் திரவ வெடிபொருளால் தகர்க்கும் சதி பிரிட்டனில் கண்டுபிடிக்கப்பட்டது, அதிலிருந்து வந்ததுதான் 100 மில்லி வரம்பு. கேபின் பையில் ஒவ்வொரு புட்டியும் 100 மில்லிக்குள், எல்லாம் சேர்ந்து ஒரு லிட்டர் அளவுள்ள, திறந்து மூடக்கூடிய, உள்ளே இருப்பது வெளியே தெரியும் பையில். புட்டியின் கொள்ளளவைத்தான் பார்ப்பார்கள். 200 மில்லி டியூபில் கால்வாசி பேஸ்ட் இருந்தாலும் போகாது. க்ரீம், ஜெல், ஸ்ப்ரே எல்லாமே திரவக் கணக்கு. மருந்தும் குழந்தை உணவும் பயணத்துக்குத் தேவையான அளவு விதிவிலக்கு, ஆனால் தனியாக எடுத்துக் காட்ட வேண்டும், மருத்துவர் சீட்டும் கையில் இருக்கட்டும். புதிய ஸ்கேனர் வைத்த சில விமான நிலையங்கள் வரம்பைத் தளர்த்தியிருக்கின்றன. கிளம்பும் ஊரில் தளர்த்தினாலும் மாறும் ஊரிலும் திரும்பி வரும் ஊரிலும் பழைய விதியே இருக்கலாம் என்பதால் 100 மில்லியை வைத்து அடைத்துவிடுவது நிம்மதி. ட்யூட்டி ஃப்ரீ கடையில் வாங்கும் திரவத்தை முத்திரையிட்ட பையில் தருவார்கள். ரசீதோடு அப்படியே வைத்திருங்கள், கடைசி ஊர்வரை திறக்காதீர்கள்.

செக்-இன் பெட்டியில் வைக்கவே கூடாதவை என்று பார்த்தால், பணம், நகை, அசல் சான்றிதழ், தினசரி மருந்து, லேப்டாப், கேமரா. இவற்றுக்குப் பொறுப்பேற்க மாட்டோம் என்று ஏறக்குறைய எல்லா நிறுவனமும் தன் நிபந்தனைகளில் எழுதி வைத்திருக்கிறது. எரியக்கூடிய பெயின்ட், பட்டாசு, முகாம் அடுப்பின் கேஸ் சிலிண்டர், ப்ளீச் எல்லாம் எந்தப் பையிலும் கிடையாது. 70 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ள பானமும் அப்படியே. சக்கர நாற்காலி போன்ற உதவிக் கருவிகள் பொதுவாக எடைக் கணக்கில் சேராது. பேட்டரியில் ஓடுவதாக இருந்தால் முன்கூட்டியே நிறுவனத்திடம் சொல்லியிருக்க வேண்டும்.

எடை போடும்போது, கையில் தூக்கிப் பிடிக்கும் சிறு தராசு ஒன்று வாங்கிக்கொண்டால் பல வருடம் உழைக்கும். வரம்புக்கு ஒரு கிலோ குறைவாகவே நிறுத்துங்கள், உங்கள் தராசும் விமான நிலையத் தராசும் ஒரேபோல் காட்டும் என்று சொல்ல முடியாது. குடும்பமாக ஒரே புக்கிங்கில் போனால் எடைக் கணக்கில் பல நிறுவனங்கள் எல்லோருடைய எடையையும் சேர்த்துப் பார்க்கச் சம்மதிக்கும், ஆனால் எல்லோரும் ஒன்றாகக் கவுன்டருக்குப் போக வேண்டும். கைக்குழந்தைக்குத் தனி அனுமதி உண்டா என்பதும் டிக்கெட்டிலேயே தனி வரியாக இருக்கும்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்லாமல் விட மனசு வரவில்லை: பெட்டி வராவிட்டால் என்ன செய்வது? பெரும்பாலான சர்வதேசப் பயணங்களுக்கு 1999ல் கையெழுத்தான மான்ட்ரியல் உடன்படிக்கை பொருந்தும். அதன்படி செக்-இன் பெட்டி தொலைந்தாலும் சேதமானாலும் தாமதமானாலும் விமான நிறுவனம் பொறுப்பு. ஒரு பயணிக்கு உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் 1,519 எஸ்.டி.ஆர். இது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு, உங்கள் நாட்டு நாணயத்தில் அதன் அன்றைய மதிப்பை இணையத்தில் பார்க்கலாம். உச்சவரம்பு என்றால் அவ்வளவும் தானாகக் கிடைக்கும் என்று பொருளில்லை, உங்கள் இழப்பை நீங்கள்தான் காட்ட வேண்டும். அதனால் பூட்டுவதற்கு முன் பெட்டியின் உள்ளேயும் வெளியேயும் போட்டோ எடுங்கள். அந்த உச்சவரம்பைவிட மதிப்புள்ள பொருளை அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால், ஒப்படைக்கும்போதே மதிப்பை அறிவித்து, கேட்டால் கூடுதல் கட்டணமும் கட்டி வரம்பை உயர்த்திக்கொள்ள உடன்படிக்கையிலேயே வழி இருக்கிறது.

பெல்ட்டில் பெட்டி வரவில்லை என்றாலோ உடைந்து வந்தாலோ, அந்த அரங்கத்தை விட்டு வெளியேறும் முன் லக்கேஜ் கவுன்டருக்குப் போய் பி.ஐ.ஆர். என்ற அறிக்கையைப் பதிவு செய்து அதன் எண்ணை வாங்குங்கள். விமானம் மாறி வந்திருந்தால் பொதுவாகக் கடைசி விமானத்தை ஓட்டிய நிறுவனத்தின் கவுன்டர். ஆனால் அந்த அறிக்கையோடு நின்றுவிடாதீர்கள், நிறுவனத்துக்கு எழுத்து மூலம் தனியாகப் புகாரும் அனுப்புங்கள். சேதத்துக்குப் பெட்டி கைக்கு வந்த நாளிலிருந்து 7 நாள். தாமதத்துக்குப் பெட்டி கைக்கு வந்த நாளிலிருந்து 21 நாள். 21 நாளாகியும் வரவே இல்லை என்றால் தொலைந்ததாகக் கருதி இழப்பீடு கேட்கலாம். இடைப்பட்ட நாளில் அவசியத்துக்கு வாங்கிய மாற்றுத்துணி, சோப்பு, சார்ஜர் எல்லாவற்றின் ரசீதையும் வைத்திருங்கள், நியாயமான செலவைத் திருப்பிக் கேட்கலாம். வழக்குத் தொடர வேண்டிய நிலை வந்தால் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள். பயண இன்சூரன்ஸ் எடுத்திருந்தாலும் அவர்கள் முதலில் கேட்பது அந்த பி.ஐ.ஆர். நகலையும் டேக் துண்டையும்தான், ஆகவே பணம் கைக்கு வரும்வரை இரண்டையும் தூக்கி எறியாதீர்கள்.